பேண்டேஜ் மிஷினுக்கு ஒரு புத்தகம்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், என் தோழியும் நானும் டி.டி.பி. சென்டர் நடத்திய காலத்தில் எனக்கு நடை என்பதே மறந்துபோயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் ஓட்டம்தான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவேன். செருப்பை வெளியே உதறிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, ஏ.சி. குளிர் முகத்தில் அடிக்கும்போதே, "போட்டாச்சா?" என்று கேட்பேன். கம்ப்யூட்டர் போட்டாச்சா என்று அர்த்தம். அது எழுந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாங்கள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. கம்ப்யூட்டர் அவள் வீட்டார் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் தெலுங்கு பேசும் குடும்பம், பல தலைமுறையாக ராஜபாளையம்தான். அவள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்தவள். அவளுக்கு மிஷின் தெரியும், எனக்குக் கீபோர்டு தெரியும். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், கடைத் திறப்பு விழா அழைப்பு எல்லாம் நான் அடிப்பேன், அவள் அழகு பண்ணுவாள். லேசர் பிரிண்டரில் எடுத்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்புவோம்.

அவள் சந்தோஷம் வந்தால் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுவாள். சென்டர் தொடங்கிய முதல் வாரம், திரையைக் காட்டி "சூடு, சூடு!" என்று கத்தினாள். மானிட்டர்தான் சூடாகிவிட்டதோ என்று நான் பதறி அதன் முதுகில் கையை வைத்துப் பார்த்தேன். தெலுங்கில் 'பார்' என்று பொருளாம். அதற்குப் பிறகு நானும் எதைக் கண்டாலும் "சூடு" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் முற்பகலில் பட்டறைக்காரர் ஒருவர் படியேறி வந்தார். மருத்துவமனைகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியைச் சுருட்டி வெட்டும் இயந்திரத்தைச் செய்து விற்பவர். ராஜபாளையத்தைச் சுற்றி பேண்டேஜ் நெசவு அதிகம் என்பதால் அவருக்கு இங்கேயே நல்ல வியாபாரம். கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு சுருள் வைத்திருந்தார். இயந்திரத்தின் படங்கள், டிராஃப்ட்ஸ்மேன் மையில் வரைந்தது.

"எம்மா, புத்தகம் அடிப்பியளா?" என்றார்.

"என்ன புத்தகம் அண்ணாச்சி?" என்றேன்.

"மிஷின் மாட்டுத புத்தகம். வடக்கே ஒரு ஊர்ல பொம்பளைக சங்கம் ஒண்ணு எங்கிட்ட மிஷின் வாங்கியிருக்கு. கழட்டித்தான் லாரில ஏத்தணும். அங்க போயி மாட்டிக் குடுக்க எங்கிட்ட ஒரே ஒரு ஃபிட்டர்தான் உண்டு. அவன் பொண்டாட்டிக்கு இது பேறு மாசம். போகமாட்டேங்கான். நானும் போகச் சொல்லமாட்டேன். படம் போட்டு, இன்னது இன்னதுல மாட்டணும்னு விவரமா ஒரு புத்தகம் குடுத்துட்டா அவியளே மாட்டிக்கிடுவாகல்ல?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்திரிகையும் நோட்டீசும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இது பக்கம் பக்கமாக ஓடும். படம் வரும், படத்துக்கு எண் வரும், அட்டவணை வரும், பொருளடக்கம் வரும். பேஜ்மேக்கர் என்ற அந்த சாஃப்ட்வேரோடு வந்திருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இதற்கெல்லாம் வழி இருப்பதாகப் படித்திருந்தோம். செய்து பார்க்க ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை.

"அடிப்போம்," என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

மறுநாளிலிருந்து ஃபிட்டர் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மெலிந்த மனிதர். பேசும்போது கை தானாகவே காற்றில் நட்டு முடுக்கும். "முதல்ல ஃபிரேமை லெவல் பாத்து நிறுத்தணும் தங்கச்சி. பொறவு அடி ரோலரை பேரிங்கோட சேத்து இறக்கணும்" என்பார். அதையே நான் "முதலில் சட்டத்தை மட்டம் பார்த்து நிறுத்தவும்" என்று அடிப்பேன். எழுதியதை வாசித்துக் காட்டினால் சிரித்துவிடுவார். "நான் சொன்னதா இது? எம்புட்டு மரியாதையா இருக்கு!" ஆனால் 'தாங்கி', 'கப்பி' என்றெல்லாம் நான் போட்டதை அவர் ஏற்கவில்லை. பேரிங் என்றால் பேரிங், புல்லி என்றால் புல்லி. கடையில் போய் தாங்கி வேணும் என்று கேட்டால் யார் கொடுப்பார்கள் என்றார். பட்டறையில் வழங்கும் பெயர்களையே வைத்துக்கொண்டோம்.

அடித்து முடித்ததைப் பக்கமாக அமைக்க ஆரம்பித்த நாள்தான் எங்களுக்குத் திருவிழா. அதுவரைக்கும் ஒரு தலைப்பைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அந்தத் தலைப்பை மட்டும் பிடித்து, எழுத்தின் அளவை மாற்றுவோம். அடுத்த தலைப்புக்கு மறுபடியும் அதே வேலை. இங்கேயோ ஏகப்பட்ட தலைப்புகள். அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, 'ஸ்டைல்' என்பதை அமைத்தோம். இது தலைப்பு, இது உள்தலைப்பு, இது செய்முறை, இது படத்தின் கீழ் வரும் வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாப் பத்திகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டி முடித்தபின் அவள் உள்தலைப்பு ஸ்டைலை மட்டும் திறந்து, எழுத்தின் அளவை இரண்டு பாயிண்ட் கூட்டி, ஓகே கொடுத்தாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு மேலிருந்து கீழாக எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. உள்தலைப்புகள் அத்தனையும் மாறியிருந்தன. அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கேயும். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும்.

"சூடு! சூடுடி!" என்று அவள் எழுந்து குதித்தாள். நாற்காலி சக்கரத்தில் ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. கீழே மருந்துக் கடைக்காரர், "ஏட்டி, என்னத்தட்டி போட்டு உடைக்கிய?" என்று கத்தினார். நான் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தலைப்பு பெரிசாயிட்டு!" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பக்க எண்ணும் அப்படித்தான். மாஸ்டர் பேஜ் என்று ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு முறை எண் வரவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால் எல்லாப் பக்கத்துக்கும் தானாகவே எண் விழும். குறித்த இடத்தில் எல், எம் என்று இரண்டு ஆங்கில எழுத்து தெரியும் என்று அந்த ஆங்கிலப் புத்தகம் சொன்னது. எங்களுக்கோ தமிழில் பொருளில்லாத ஏதோ ஒன்று வந்து நின்றது. தப்பாகச் செய்துவிட்டோம் என்று அழித்து அழித்துப் போட்டோம். தமிழ் எழுத்துருவில் அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்தானே உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு டக்கென்று உறைத்தது. "ஏட்டி, அது சரியாத்தான் இருக்கு, பக்கத்தைப் புரட்டிப் பாரு," என்றேன். புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நின்றன. சின்னப் பிள்ளைகள் மாதிரி சத்தமாகவே எண்ணிக்கொண்டு போனோம்.

எச்சரிக்கைகளுக்கு ஒரு கட்டம் வேண்டியிருந்தது. பிளேடில் கை வைக்காதே, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் முன் மூடியைப் போடு என்கிற மாதிரி விஷயங்கள். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தாகப் போட்டோம். திரையில் பிரமாதமாக இருந்தது. பிரிண்டரில் எடுத்தால் கறுப்பு திட்டுத்திட்டாக வந்து, புள்ளியும் சுழியும் அடைத்துக்கொண்டன. வெள்ளைக் கட்டம், சுற்றிலும் தடித்த கோடு என்று மாற்றினோம். அது இன்னும் நன்றாக இருந்தது. படங்களை ஜெராக்ஸில் சுருக்கி எடுத்து, அவற்றுக்காக நாங்கள் விட்டுவைத்த இடத்தில் ஒட்டினோம். மில்லிமீட்டர் பிசகாமல் படம் அந்தக் கட்டத்தில் உட்காரும்போது வருகிற திருப்தியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆனால் மூடி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிச்சு அவிய மாட்டிருவாகளா? ஸ்பேனர் பிடிச்சே பழக்கமில்லாத ஆளுக."

"நாங்களும் பிடிச்சதில்ல," என்றாள் என் தோழி.

"அதான் சொல்லுதேன்."

"இல்ல அண்ணாச்சி. நாங்க மாட்டிப் பாக்கோம். அந்த மிஷினைக் கழட்டிப் போடுங்க. இந்தப் புத்தகத்தை மட்டும் வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் மாட்டுதோம். நீங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்ன உடனே என் உள்ளங்கை குறுகுறுத்தது. நான் எழுதியது நிஜமாகவே வேலை செய்யுமா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

பட்டறைக்காரர் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் சிரித்துக்கொண்டே ஸ்பேனர் பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை சென்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனோம். பட்டறையின் நடுவில் சாக்கு விரித்து, இயந்திரம் துண்டு துண்டாகக் கிடந்தது. லேத்தில் வேலை செய்தவர்கள்கூட நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நான் புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிக்க, அவள் செய்தாள். கனமானவற்றை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். ஃபிரேம் நின்றது. மட்டம் பார்த்தோம். அடி ரோலர் இறங்கியது. பேரிங்குக்கு கிரீஸ் வைத்தோம். என் புதுச் சேலையில் கிரீஸ் தடம் விழுந்ததைக் கவனிக்கக்கூட இல்லை.

முதல் சிக்கல், துணியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ரோலரில் வந்தது. "இடது போல்ட்டை முதலில் முடுக்கவும்," என்று வாசித்தேன். அவள் ஒன்றை முடுக்கினாள். ரோலர் கோணிக்கொண்டது. "இடதுன்னேன்ல?" என்றேன். "இதுதானே இடது?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம். அவளுக்கு இடது எனக்கு வலது.

ஃபிட்டருக்கு வாய் துடித்தது. பட்டறைக்காரர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். நான் பென்சிலை எடுத்து அந்த வரியை வட்டமிட்டேன். இயந்திரத்துக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மாறாத அடையாளம் வேண்டும். ஒரு முனையில் மோட்டார் இருக்கிறது, மறுமுனையில் கைப்பிடி இருக்கிறது. மோட்டார் பக்கம், கைப்பிடிப் பக்கம் என்று எழுதிவிட்டால் போதுமே! ஓரத்தில் எழுதிக்கொண்டு மேலே போனோம்.

அடுத்தது பெல்ட். மூடித் தகட்டை மாட்டிய பிறகு பெல்ட்டைப் புல்லியில் ஏற்றவும் என்று புத்தகம் சொன்னது. தகட்டை மாட்டினோம். பெல்ட் உள்ளே போகவே இல்லை. அவள் தள்ளிப் பார்த்தாள், நான் இழுத்துப் பார்த்தேன். சாக்கில் உட்கார்ந்து அடியிலிருந்து முயன்றோம். வியர்த்து ஊற்றியது. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "செத்த நேரம் உக்காருங்கம்மா," என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

என் தோழி தண்ணீரைக் குடித்துவிட்டு ஃபிட்டரிடம் திரும்பினாள். "அண்ணே, இப்ப நீங்க பேசலாம். இதை எப்படி மாட்டுவிய?"

அவர் வந்தார். பெல்ட்டை ஒரு மடிப்பு மடித்து, கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். தகட்டின் சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லியில் உட்கார்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை செய்யுங்க," என்றாள். செய்தார். "எங்களுக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள். அவர் யோசித்தார். மறுபடியும் செய்தார். "சொல்லத் தெரியலையே தங்கச்சி. கை பாட்டுக்குப் போயிருது."

"அப்படின்னா அது புத்தகத்துல வராது," என்றேன் நான். "தகட்டுக்கு முன்னாடியே பெல்ட்டைப் போட்டா என்ன?"

ஃபிட்டர் தகட்டைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். "போடலாமே!" என்றார். "நான் கடைசில பெல்ட் போட்டே பழகிட்டேன். முன்னாடி போட்டா யாரு வேணும்னாலும் போடலாம்."

தகட்டைக் கழற்றி, பெல்ட்டைப் போட்டு, தகட்டை மாட்டினோம். அதற்குப் பிறகு தடையில்லை. பிளேடு, அதன் மூடி, துணி செருகும் தண்டு. எல்லாம் நாங்கள் எழுதியபடியே எழுதிய வரிசையில் போய் உட்கார்ந்தன. கடைசியாகத் துணியைக் கோத்து, "மோட்டாரை இயக்கவும்" என்ற வரியை வாசித்தேன். அவள் சுவிட்சைப் போட்டாள்.

ஓடியது! துணி விறுவிறுவென்று சுற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடியை இறக்கியதும் பிளேடு அதைத் துண்டு துண்டாக வெட்டி, வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் உருளைகளைத் தட்டில் உருட்டிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பட்டறைக்காரர் ஒரு உருளையை எடுத்து விரித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார், மறுபடி விரித்தார். "நம்ம மிஷின்தானாலே இது?" என்று ஃபிட்டரிடம் கேட்டார். நானும் அவளும் கிரீஸ் கையோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சாப்பிடக்கூடத் தோன்றாமல் நேராக சென்டருக்குப் போனோம். பெல்ட் பத்தியை வெட்டி மேலே ஒட்டினோம். படத்தின் எண்கள் மாறின, பக்கங்கள் நகர்ந்தன. பொருளடக்கத்தை மறுபடி எடுக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தோம். புதுப் பக்க எண்களோடு அது வந்து நின்றது. பிறகு 'இடது' என்ற சொல்லை எல்லா இடத்திலும் தேடி 'மோட்டார் பக்க' என்று மாற்றும்படி கொடுத்தோம். 'வலது' எல்லாம் 'கைப்பிடிப் பக்க'. ஒரு நொடியில் முடிந்தது. பிரிண்ட் எடுத்து அவள் வாசித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று மேஜையில் கவிழ்ந்து குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். தாளை என்னிடம் நீட்டினாள்.

"மோட்டார் பக்கக் கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கக் கையால் பிளேடை இறக்கவும்" என்று இருந்தது.

வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். அவள் தன் கைகளை விரித்து, "இதுல எது மோட்டார்க் கை?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். கைகளை மட்டும் பழையபடி இடது, வலது ஆக்கிவிட்டு, மீண்டும் ஒரு முறை முழுக்க வாசித்தோம். டிரேசிங் தாளில் எடுத்து சிவகாசிக்கு அனுப்பினோம். மழுமழுவென்ற அட்டையோடு புத்தகம் வந்தபோது, அவள் மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். புது மை வாசனை.

இயந்திரம் லாரி ஏறியது. பெட்டியின் மேலாக, பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் புத்தகம் போனது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் இப்போது அடி ரோலரை இறக்கியிருப்பார்களா என்று தோன்றும். தோழியிடம் சொன்னால், "எனக்கும் அதேதான்டி," என்பாள்.

ஒரு நாள் பட்டறையிலிருந்து ஆள் ஓடிவந்தது, ஃபோன் வந்திருக்கிறது, உடனே வரவேண்டும் என்று. இரண்டு பேரும் சாலையில் ஓடினோம். பட்டறைக்காரர் ரிசீவரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என் காதில் வைத்தார்.

முதலில் இரைச்சல்தான் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் உற்றுக் கேட்டதும் தெரிந்துவிட்டது. துணி சுற்றும் சத்தம். பிளேடு இறங்கும் சத்தம். எங்கோ தூரத்தில் எங்கள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் குரல், எங்கள் பேச்சிலிருந்து முற்றிலும் மாறுபட்ட வடக்கத்தித் தமிழில், "கேக்குதாங்க? நாங்களே மாட்டிட்டோம்! யாரும் வர வேண்டாங்க!" என்று கத்தியது. பின்னணியில் இன்னும் பல பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. "நல்லா ஓடுதா? நல்லா ஓடுதா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோழி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஃபிட்டருக்கு அதே வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர், ஃபோன் வந்த கதையை எங்களை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் காய்கறிப் பையோடு இருந்தார்கள். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அம்மா, நாங்க ஒரு புத்தகம் போட்டிருக்கோம்," என்றேன்.

"அப்படியா? கதைப் புத்தகமா தாயி?"

"இல்லம்மா. மிஷின் மாட்டுத புத்தகம். அதைப் படிச்சு, ஸ்பேனரே தொடாத பொம்பளைக ஒரு மிஷினை மாட்டி ஓட்டிட்டாக."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, நன்றாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"எங்க வீட்டுல ஒரு தையல் மிஷின் கழண்டு கிடக்கு," என்றார்கள். "அதுக்கும் ஒரு புத்தகம் போட்டுக் குடேன்."